அப்பா கன்னத்தில் ஒளித்த அதிமதுரம்

அன்பு மகள் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எப்போதும் பழக்கதோஷத்தில் எழுதும் வரிதான், இந்தத் தடவை ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டே எழுதுகிறேன். அதனால் நீ போனில் சொன்ன மாதிரி லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. அப்பாவின் கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், பதறாமல் படி.

இரண்டு மாதமாக மனிதர் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் பாத்ரூமுக்கு ஓடுவதுமாக இருந்தார் இல்லையா, பார்த்தவர்கள் எல்லாம் சர்க்கரைதான் என்று அடித்துச் சொன்னார்கள், பரிசோதித்தால் சர்க்கரை இல்லை. பஸ் நிலையத்தில் இவர் அறிவிப்பு சொல்கிற கண்ணாடி அறையிலிருந்து கழிப்பறைக்கு எல்லா நடைமேடைகளையும் தாண்டிப் போக வேண்டும், இவர் போய் வருவதற்குள் ஒரு பஸ் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து கண்ணாடியைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். அந்த அவமானத்தில் வேலை நேரத்தில் தண்ணீரையே நிறுத்தினார். பிறகென்ன, படியேறும்போது கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார். கிட்னி போய்விட்டது என்றே நினைத்தேனடி. அப்போதுதான் உனக்குப் போன் செய்து அழுதேன்.

கிட்னி டாக்டரம்மா பொறுமைசாலி. பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது என்றார். தண்ணீரைப் பிடித்து வை என்று மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து கிட்னியிடம் சொல்லுமாம், பொட்டாசியம் குறைந்தால் கிட்னி அதைக் காதிலேயே வாங்காதாம், சிறுநீர் கெட்டிப்படாமல் வெறும் தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்குமாம். டிவி முன்னால் உட்கார்ந்த உன் அப்பாவை நான் கூப்பிடுகிற கதைதான். சரி, பொட்டாசியம் ஏன் குறைந்தது? உப்பைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற ஹார்மோன் ஒன்று இருக்கிறதாம், அது கூடியிருக்கும் என்று பார்த்தால் ரத்தத்தில் குறைவாக இருக்கிறது. டாக்டரம்மா குழம்பிப்போய், வீட்டுச் சாப்பாடு தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இவர், ஒண்ணுமே இல்லைங்க டாக்டர் என்றார், ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்க! துப்புங்க என்றேன். கையில் வந்து விழுந்தது நீ பார்சலில் பெட்டி பெட்டியாக அனுப்புகிற கறுப்பு அதிமதுர மிட்டாய். டாக்டரம்மா சிரித்தே விட்டார். அந்த ஹார்மோன் கூடாமலேயே, கூடினால் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அதிமதுரத்தால் நடக்குமாம்.

நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. தொண்டை கட்டினால் ஒன்று போடுங்கள் என்றுதான் நீ சொன்னாய், இவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒன்று போட்டிருக்கிறார். திரும்பி வரும்போது, டாக்டரிடம் கூடவா பொய் என்று நன்றாகத் திட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சொன்னா நிறுத்தச் சொல்லிடுவாங்கன்னு தெரியும், அதை வாயில போட்டா புள்ள பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு என்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினார், சொல்லாவிட்டால் அடுத்த பெட்டியும் வந்து நிற்குமே, அதனால் எழுதுகிறேன்.

இப்போது மிட்டாய் அடியோடு நின்றுவிட்டது, பொட்டாசிய மருந்து சாப்பிட்டார், பிரஷரும் இறங்கியது. கிட்னியில் நிரந்தரச் சேதம் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன். போன வாரம் காலையில் பாத்ரூமிலிருந்து அந்த மைக் குரலில், நல்ல மஞ்சளா வந்திருக்கு என்று அறிவிக்கிறார், எதிர்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று விசாரித்தார். சிறுநீர் கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது என்று நான் போய் விளக்கவா முடியும்! வேலையிலும் நாற்காலியை விட்டு எழாமல் உட்காருகிறார், எந்தப் பஸ்ஸும் அவரைக் கேட்காமல் கிளம்புவதில்லை.

நீயும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் கிடக்காதே. எங்கள் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நல்லபடியாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, மிட்டாய்தான் வேண்டாம், பார்சலை நிறுத்திவிடாதே. தபால்காரர் குரல் கேட்டால் மனிதர் இன்னும் வாசலுக்கு ஓடுகிறார். வேறு எதையாவது வை, ஒன்றும் கிடைக்காவிட்டால் வெறும் பெட்டியையாவது அனுப்பு. அதன்மேல் அவர் பெயரை நீ உன் கையால் எழுதியிருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா