கொய்யா மரத்தைத் தாண்டிய எஞ்சின்

அண்ணே,

இன்று பிற்பகல் அம்மா தம்பிக்காக விளக்கெண்ணெயைச் சூடாக்கினாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். கூடவே கொஞ்சம் ஸ்பிரிட் நெடியும் வந்திருந்தால், நீ கொல்லைப்புறத்தில் உன் குட்டி எஞ்சினுக்கு அதே எண்ணெயை விட்டுக்கொண்டிருக்கிறாய் என்றே நம்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போவாய். வண்டி நிற்கும் சற்று நேரத்துக்குள் நீ அளவு நாடாவோடு எஞ்சினைச் சுற்றி வருவாய். ஆவிக்குள் மறைந்து மறைந்து தெரிவாய். ஒருநாள் டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சட்டை தைக்கவா?" என்றார்.

"ஆமாண்ணே, பித்தளையில" என்றாய். சிரிக்கவே இல்லை.

அந்த அளவுகளைச் சுருக்கி நீ பித்தளையில் செய்த எஞ்சின் என் பள்ளிக்கூடப் பெட்டிக்குள் அடங்கும். ஆனையூரில் உன் சிநேகிதர் சுந்தரம் அண்ணன் செய்தது அதைவிட மூன்று மடங்கு பெரியது; கரி போட்டு ஓட்டுவார், பின்னால் இழுவைப் பலகையில் நான் உட்கார்ந்தே போயிருக்கிறேன். அவர் தோட்டத்தை வளைத்து ஓடிய இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, உன் குட்டி எஞ்சினும் ஓட வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்றைப் பதித்துத் தந்தார். ஆனால் அது ஒரு சுற்று முடித்ததே இல்லை. கொய்யா மரத்தடிக்கு வந்ததும் அடியிலிருக்கும் ஸ்பிரிட் விளக்கு அணைந்துவிடும்.

"மாப்ள, அடித்தகட்டுல இம்புட்டுச் சின்ன ஓட்டையில விளக்குக்குக் காத்து எப்படிடா போகும்? அரத்தை வச்சு நாலு இழுப்பு இழு" என்றார் சுந்தரம் அண்ணன் ஒருநாள்.

"நெச எஞ்சினை அளந்து சுருக்கினா அம்புட்டுத்தான் வருது."

"அடியில கெடக்கு. எவன் குனிஞ்சு பார்க்கப்போறான்?"

"நான் பார்ப்பேன்."

அன்று சைக்கிளில் திரும்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "எல்லாத்தையும் சுருக்கிட்டேன் பாப்பா. தீயை மட்டும் சுருக்க முடியலை." வயல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது; நீ எழுந்திருக்கவில்லை. எஞ்சின் அலமாரிக்குப் போனது.

போன மாதம் சுந்தரம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எஞ்சினைக் கையில் எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். "ஒரு சுத்து ஓடிப் பார்க்கணும்னு எம்புட்டு ஆசைப்பட்டான். ஓட்டையைப் பெருசாக்கிரவா பாப்பா? அவன்கிட்டக் கேக்க வேண்டியது. இனிமே உன்கிட்டத்தான் கேக்கணும்."

ஓடாமலே நின்றால் அது முழுக்க உன்னுடையது. ஓடினால் உன் ஆசை. இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் முந்தானையால் எஞ்சின் புகைபோக்கியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அரம் வேண்டாம்ணே" என்றேன். "ராவினாத் தூளாப் போயிரும். ரம்பத்தால துண்டா வெட்டி எடுங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்படியே செய்தார்.

ஆனையூரில் வெயில் தாழ்ந்த நேரம். விளக்கு நீலமாக எரிந்தது. கொய்யா மரம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அது மரத்தைத் தாண்டி, புல்லுக்கு மேல் ஆவியை இழுத்துக்கொண்டு, தூரத்தில் வருகிற நிஜ வண்டியைப்போல எங்கள் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வெட்டி எடுத்த பித்தளைத் துண்டு என் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கிறது, விரல் நகத்தளவு. நீ குனிந்து பார்த்தால் கேட்பாய் என்றுதான் வைத்திருக்கிறேன். எடுத்த இடத்தில் பொருத்திப் பார்த்துவிட்டேன், அண்ணே. உன் அளவு அப்படியே இருக்கிறது.