இரட்டைச் சுழி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸம்மா எழுதுகிறாள்.

ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதே, நம் தெருவில் முதன்முதலாக மின்கம்பம் நட்டார்களே, அந்த வருஷம்தான் சலவைக்கூடத்தில் துணி வெளுக்கும் காரத்தண்ணீர் கொதித்த கொப்பரை சரிந்து என் தலை வெந்தது. அந்தத் தழும்பு இப்போது வெடித்து வெடித்துப் புண்ணாகிறது. விட்டால் கெட்ட கட்டியாகிவிடும் என்கிறார் டாக்டர். பின்மண்டையில் முடியுள்ள தோலுக்கு அடியில் ஒரு பையை வைத்து, வாராவாரம் ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றுகிறார்கள். தோல் விரிந்ததும் பையை எடுத்துவிட்டு, தழும்பை வெட்டியெறிந்து, அந்தத் தோலை முன்னால் இழுத்துத் தைப்பார்களாம். இப்போது எனக்கு இரண்டு தலை. எப்படிப் படுத்தாலும் ஒன்று இடிக்கிறது. அலுத்துவிட்டது அக்கா.

பழைய முடி எந்தப் பக்கம் படியும் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன் நிற்கிற வயது வருமுன்பே போய்விட்டது. நீதானே வாரிவிடுவாய்.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

என் மகன் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போனவன், இத்தனை வருஷம் கழித்து முடிக்காகவா எழுதுகிறாய்?

வலப்பக்கம் இரட்டைச் சுழி. எப்படி வாரினாலும் நெற்றியில்தான் விழும். உனக்கு ரெண்டு பெண்டாட்டி என்று கேலி செய்வேன். ஒன்றுகூட வாய்க்கவில்லை.

அன்று கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, "தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஓரமா நில்லுடா" என்றேன். சம்பந்தி வீட்டாருக்குப் பயந்து சொன்னது. அந்தப் போட்டோவை நான் மாட்டவே இல்லை.

முழங்கால் போய்விட்டது. படி இறங்கியே மாதக்கணக்காகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். "நெத்திப் பக்கமா படியிற மாதிரி தைக்கிறேன் பெரியவரே. சுழியெல்லாம் என் கையில இல்ல" என்றார். "உங்கக்கா சொன்னா வந்துடுமா தாத்தா?" என்று நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டாள். இதையும் அவளே எழுதுகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

தைத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். கண்ணாடி காட்டுவார்களாம். வேண்டாம் என்றுவிட்டேன். முன்னே நான் எப்படி இருந்தேன் என்று கண்ணாடிக்கு என்ன தெரியும்?

இங்கே லிஃப்ட் இருக்கிறது. ஆட்டோ வாசல்வரை வரும். உன் வீட்டுப் படிக்கு மகனைக் கைகொடுக்கச் சொல்.

அம்மா இல்லை. அப்பா இல்லை. கொப்பரைக்கடியிலிருந்து என்னை இழுத்துப்போட்ட மேஸ்திரியும் போன மாதம் போய்விட்டார். வேகாத என் தலையைப் பார்த்தவர்களில் மிச்சம் நீ ஒருத்திதான், அக்கா.