பதினாறாம் நாள் திறந்த பட்டறை

அன்பு மாப்பிள்ளை ராமையா,

போன இடத்திலும் தகரம் தட்டுகிறாயோ, இல்லை யாருக்காவது உபசாரம் செய்துகொண்டு நிற்கிறாயோ, தெரியாது. உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஒரு சேதியும் செரிப்பதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்ம திருக்கோகர்ணத்துப் பட்டறைக்குத் தகடு கோட்டா கிடைத்துவிட்டது. சர்க்கார் விலைக்கே. இனிமேல் கள்ள மார்க்கெட்டில் கெஞ்சிக் கூத்தாடி, வாளி விற்கிற விலைக்கு வெறும் தகடு வாங்க வேண்டியதில்லை. இது வராமல் போயிருந்தால் பங்குனிக்குள் கதவைச் சாத்தியிருப்போம். கேட்டால் நீ குதித்திருப்பாய். எங்கே போய்த் தொலைந்தாய், பாவி?

முதல் தரம் ஆபீசர் வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோட்டா கொடுக்கும் முன் பட்டறை ஓடுகிறதா என்று நேரில் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நீ என்ன செய்தாய்? பட்டறையைக் கழுவி, மாவிலை கட்டி, கத்திரி சுத்தியலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஆட்களை வெள்ளை வேட்டியில் வரிசையாக நிறுத்திவிட்டாய். சமஸ்தான காலத்தில் அரண்மனை அதிகாரி தெருவில் வந்தாலே உங்கள் அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பாராம். உனக்கும் அதே ரத்தம்.

ஆபீசர் சுற்றும் முற்றும் பார்த்தார். "வேலை எங்கய்யா நடக்குது?"

"ஐயா வந்திருக்கையில டங்கு டங்குன்னு சத்தம் போடலாங்களா? மொதல்ல எளநி சாப்பிடுங்க" என்றாய்.

அவர் இளநீரைத் தொடவில்லை. பெயருக்கு ஒரு பட்டறையைக் காட்டித் தகடு வாங்கி வெளியே விற்கிறவர்களை நிறையப் பார்த்திருப்பார் போல. தொழில் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனுப் போட்டோம். பதில் வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் கண்டு, நாலே நாளில்... விடு. அதை நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்?

பதில் வந்தது. ஆபீசர் வருகிற நாளும் உன் பதினாறாம் நாள் காரியமும் ஒன்றாக விழுந்தன.

வீடு நிறைய உறவு. "தள்ளிப் போடச் சொல்லிக் கேப்பம்" என்றேன் நான். மூலையில் உட்கார்ந்திருந்த உன் பெண்டாட்டி, என் தங்கச்சி பேச்சி, எழுந்து நின்றாள். "காரியத்தைக் காலையில கொளத்தங்கரையில முடிச்சிருங்கண்ணே. மத்தியானம் பட்டறையத் தொறங்க. ஆளுகள வரச் சொல்லுங்க."

உன் அண்ணன் எகிறினார். "ஏம்மா, புருசன் காரியத்தன்னைக்குத் தகரம் தட்டுனா ஊரு காறித் துப்பாதா?"

"துப்பட்டும் மாமா. மரியாதை மரியாதைன்னு ஒரு தரம் நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போட்டாச்சு. இன்னைக்கும் மூடிக் கெடந்தா அந்த மனுசன் பட்ட பாடு எங்கிட்டுப் போகும்?"

அவர் துண்டை உதறிக்கொண்டு போனவர்தான், இன்னும் பேசுவதில்லை. நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

ஆபீசர் உள்ளே நுழைந்தபோது ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எழக்கூடாதென்று பேச்சியின் உத்தரவு. மிச்சமிருந்த தகட்டின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், நான் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை, அத்தனை சத்தம். "முதலாளி ராமையா எங்க?" என்று கத்தினார். நான் குனிந்து தகட்டை வெட்டிக்கொண்டே இருந்தேன்.

பேச்சிதான் சொன்னாள். "இன்னைக்கு அவுகளுக்குப் பதினாறுங்க. பட்டறை ஓடுதான்னு பாக்கத்தானே வந்தீங்க? நல்லாப் பாத்துக்கங்க."

அந்த மனுஷன் ஆட்களையும் வெட்டிய தகட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, பேச்சி பெயருக்கு மனுவை மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்றுத் தகடு வண்டியில் வந்து இறங்கியது. பேச்சி அதைத் தடவிப் பார்த்தாள். நீ போன பிறகு நேற்றுத்தான் மாப்பிள்ளை, அவள் வாய்விட்டு அழுதாள். ஆட்கள் பதறிப்போய்க் கையை நிறுத்தினார்கள். "ஏன் நிறுத்துனீக?" என்று அழுதுகொண்டே அதட்டினாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். உன் தெவசத்தன்றைக்கும் காலையில் உனக்குச் சோறு வைப்போம், மத்தியானம் பட்டறையைத் திறப்போம். அது உனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டால் என் கனவில் வந்து சண்டை போடு. உன்னைப் பார்த்த மாதிரியும் இருக்கும் எனக்கு.

பேச்சிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சுப்பையா