முகப்பில் இன்னும் உன் எண்

இன்று காலை நம் கம்பெனி இணையதளத்தைத் திறந்தேன். முகப்புப் பக்கத்தின் உச்சியில், கொட்டை எழுத்தில், உன் செல்போன் எண். நீ போய் நாலு மாதமாகிறது. அதில் இன்னும் மணி அடிக்கிறது. எடுப்பது உன் மனைவி.

அந்த எண்ணை அங்கே வைத்தது நீதான். கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து நாம் ஊருக்கெல்லாம் இணையதளம் செய்து கொடுத்த காலம். வருகிற முதலாளி எல்லோருக்கும் முகப்புப் பக்கத்தைப் பற்றி ஒரே ஆசை. திருமுடிவாக்கம் பட்டறைக்காரரை நினைத்துப் பார். முதலில் சுழலும் விளக்கோடு பிள்ளையார், அடுத்து மாலை போட்ட அப்பா படம், அப்புறம் திறப்பு விழா. பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்பது எல்லாவற்றுக்கும் அடியில்.

"கல்யாணத்துல பன்னீர் தெளிக்கிறது சரி சார். பந்தி எந்தப் பக்கம்னு சொல்ல ஒரு ஆளு வேணாமா?" என்றாய்.

"சாமியவே கீழ எறக்குறியா?" என்று அவர் எகிறினார். நீ மசியவில்லை. பிள்ளையார் ஓரத்தில் சின்னதாக உட்கார்ந்தார். நடுவில் பட்டறை வேலைகள் வந்தன.

எந்தப் பக்கத்தை முடித்தாலும் பின்தெருவிலிருந்து உன் மனைவியை அழைத்து வருவாய். மவுஸை அவள் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாய். "வாயத் தொறக்காத மச்சான். அதுவே தேடட்டும்."

"இன்னாங்க இது, உள்ள வந்தா திரும்பிப் போக வழியே காணோம்!" என்பாள். உடனே அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போடுவாய். "வர்றவன் முழிக்கிற எடத்துல தப்பு அவன்மேல இல்ல, நம்ம மேல" என்பது உன் வேதம்.

இப்போது நம் தளத்துக்கு வருகிறவர்கள் அந்த எண்ணில் கூப்பிடுகிறார்கள். உன்னைக் கேட்கிறார்கள். நீ இறந்துபோனதை ஒவ்வொருவரிடமும் அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. உன் எண்ணை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். மதியம் அவளைக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். பழக்கதோஷம், வாயைத் திறக்கவில்லை.

திரையில் மவுஸ் அம்பு நேராக உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது.

"அண்ணா, அவரு நம்பர் எங்க?"

"எடுத்துட்டேன்மா. ஒவ்வொரு தடவையும் நீ சொல்லணுமேன்னு..."

"சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் கீது. ஆனா அவரைக் கேட்டு இனிமே யாருமே கூப்பிட மாட்டாங்களே அண்ணா."

கையை மவுஸிலிருந்து எடுக்காமலே அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

அவள் போன பிறகு உன் எண்ணை மறுபடி உச்சியில் வைத்தேன். என்னுடையது அதற்குக் கீழே. வருகிறவர்களுக்கு இது சரியான வழி இல்லை என்று தெரியும். ஆனால் அவள் முழித்த இடம் அது. அதை அப்படியே விட நீ என்னைப் பழக்கவில்லை. நாளை யாராவது உன்னைக் கேட்டுக் கூப்பிடுவார்கள், அவள் எடுப்பாள்.

இந்தப் பக்கத்தைப் பார்த்தால் நீ கண்டபடி திட்டுவாய். வந்து திட்டேன், மச்சான்.