உன் நாடாப்பட்டை என் மார்பில்

என் அன்பு மனைவி ரவீவனுக்கு,

முழங்கால் வலி தணிந்ததா? நான் சுகமே.

"நம்ம ரெண்டு பேரோட பதக்க நாடாப்பட்டையையும் ஒரே டப்பாவுல போட்டா, அவசரத்துல மாறிடாதா வாத்தியாரே?" என்று ஒருமுறை கேட்டாய். "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு நிறம் சொல்லிக்கொடுத்தவன்டி நான்" என்று சிரித்தேன். ஊரிலிருந்து கிளம்பிய அவசரத்தில் மாறித்தான் விட்டது. நேற்று இங்கே அரச விழாவுக்கு, அரசு ஆசிரியருக்கான வெள்ளைச் சீருடையில் நான் குத்திக்கொண்டு போனது உன்னுடையது.

வட்டாட்சியர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய விருது வாங்கிட்டு பின்னாடி நிக்கிறீங்களே ஐயா!" என்று முன்வரிசைக்கு இழுத்துப் போனார். குனிந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆனாலும் "இது என் மனைவியோடது" என்று சொல்ல வாய் வரவில்லை. தலைமையாசிரியையாக நீ உழைத்ததற்கு எல்லோரும் என்னை வணங்கினார்கள்.

வரும் வாரம் உன் பணி ஓய்வு விழா. டப்பாவைத் திறந்து தேடித் தவித்திருப்பாயே என்று மனம் உறுத்துகிறது. பட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் நம் ஊர் மஞ்சள் கறி மசாலா அனுப்பு. இந்த மலைப்பள்ளியில் ஒற்றை ஆளுக்குச் சமைக்கக் கை ஓடவில்லை. தபால் வண்டி வந்துவிட்டது.

இப்போதே பட்டையைக் குத்திக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, "இது என்னோடது" என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்.

பிரசோங்