உறிஞ்சு பம்பு வந்த பிறகு

மார்ச் 3, ஞாயிறு

இன்று வேனுக்கு ஆயில் மாற்றினேன். மெக்கானிக் அரை மணியில் முடிப்பதை, காலையில் தொடங்கிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முடித்தேன். அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றி, டப்பாவில் ஆயில் விழத் தொடங்கியதும் தூங்கிவிடுவேன். எப்போதும் அப்படித்தான். "கடைசிச் சொட்டு வரைக்கும் வடியணும்" என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் என்னை வேலை ஏவ முடியாத ஒரே இடம் அந்த வேனின் அடிவயிறு.

வெளியே வரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கத்தியிருக்கக் கூடாது.

மார்ச் 5

கத்தியது வினையாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் மச்சினன் ஓர் உறிஞ்சு பம்பு வாங்கி வந்திருக்கிறான்.

"இனிமே நீங்க படுக்கவே வேணாம் மாமா. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிட்டு, அந்த ஓட்டையில இந்தக் குழாயை விட்டு இழுத்தா, ஆயில் தானா மேல வந்துரும்."

"எவ்வளவு நேரம்டா ஆகும்?" இது என் மனைவி.

"பத்து நிமிஷம்க்கா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சம்பளமில்லாத ஆள் கிடைத்த முதலாளியின் பார்வை.

மார்ச் 6

பம்போடு வந்த விளக்கத்தாளை நானே படித்தேன். எழுத்துக்கூட்டி, சத்தமாக. ஒரு முழுத் தாள்! போன வருஷம் வரை என் பெயரையே படம் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். பம்பைத் திட்டி ஒரு வரியாவது இருக்காதா என்று தேடினேன். பாவிகள், எல்லாம் புகழ்ச்சி! இதற்கா படிக்கக் கற்றேன்? ஆனாலும் என்ன சுகம் — இன்னொரு முறை படித்தேன்.

மே 12

ஜன்னல் வலைகளைக் கழுவினேன். பரணும் காத்திருக்கிறதாம்.

ஜூன் 9, ஞாயிறு

மறுபடி ஆயில் மாற்றும் நாள். மச்சினன் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, குழாயை விட்டு இழுத்தான். கறுப்பு ஆயில் வெட்கமில்லாமல் ஏறி வந்தது. கடைசியில் கர்ரென்று காற்றை உறிஞ்சியது. அவ்வளவுதான். மனைவி துடைப்பத்தோடு தயாராக நின்றாள்.

விடுவேனா? "கசடெல்லாம் அடியிலயே தங்கிருக்கும். இந்த மெல்லிசுக் குழாய்ல அது வருமா?"

"சரி, போல்ட்டைத் திறந்து பார்த்துருவோம்" என்றாள். நான் ஆசையாகக் குனிந்தேன். "நீங்க இல்ல, இடுப்பு! டேய், நீ போ."

போனான். வெளியே வரவில்லை.

"என்னடா, வருதா?"

"சொட்டுதுக்கா... சொட்டிக்கிட்டே இருக்கு."

பம்பு வாங்கியவனே பம்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறானே? எட்டிப் பார்த்தேன். டப்பாவில் ஒரு கரண்டி ஆயில்கூட இல்லை. போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு, தலைக்கு அடியில் கைகளை வைத்து மல்லாந்திருந்தான்.

"மாமா," என்றான் ரகசியமாக, "இங்க எவ்வளவு நிம்மதியா இருக்கு!"

அட, இவனுக்கும் அவள் அக்கா அல்லவா? இத்தனை நாள் அது எனக்கு உறைக்கவே இல்லை.

நிமிர்ந்தேன். இடுப்பு வலிக்கவே இல்லை.

"ஏகப்பட்ட கசடு. தனி ஆளால ஆகாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாக நானும் உள்ளே ஊர்ந்தேன்.