கூடையைத் துரத்தாமல்

மார்ச் 4, செவ்வாய்

சின்னவள் தேற வேண்டும் என்று நான் விரும்புகிறேனா? உட்கார்ந்து யோசித்தும் பதில் தெரியவில்லை.

அவள் போர் விமானம் ஓட்டுகிறாள். பறந்துகொண்டே இன்னொரு விமானத்திடமிருந்து எரிபொருள் வாங்கும் பயிற்சியில் இரண்டு முறை தவறிவிட்டாள். அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் சரக்கு விமானத்துக்கு மாற்றிவிடுவார்கள். பத்திரமான வேலை, நேரத்துக்குச் சாப்பாடு. தேறினாலோ கடலுக்கு மேல் வெகுதூரம் போகும் அணி. பெற்றவள் எதைக் கேட்டுக்கொள்வது? யாரிடம் கேட்பது என்பது வேறு விஷயம். சாமி கும்பிடும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் அவளே போன் செய்தாள். வழக்கமாக எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவரும். இன்று தானாகச் சொன்னாள்.

முன்னால் போகும் பெரிய விமானம் நீளமான குழாய் ஒன்றைப் பின்னால் பறக்கவிடுமாம். அதன் நுனியில் கூடை மாதிரி ஒரு வாய். இவள் விமானத்தின் மூக்கோரம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"கூடையைப் பாக்கவே கூடாதும்மா. பாத்தா கை தானா அது பின்னாடி போயிடும். அப்புறம் துரத்தல்தான். பெரிய பிளேனை மட்டும் பாத்துக்கிட்டு அது கூடவே போகணும்."

"பாக்காம எப்படிடி செருகுவ?"

"அதானே எனக்கு வரமாட்டேங்குது!"

கடைசி நொடியில் இவள் விமானம் தள்ளும் காற்றே கூடையை ஒதுக்கிவிடுமாம். பிடி இறுகினால் பூட்ஸுக்குள் கால்விரல்களை ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள்; கை தளருமாம். நான் நம்பவில்லை. போனை வைத்ததும் காய் நறுக்கும்போது ஆட்டிப் பார்த்தேன். தளரத்தான் செய்கிறது.

நடுவில் இவர் போனை வாங்கி, "கண்ணு, உங்கம்மா பெட்ரோல் போடுற எடத்துலயே மூடி இல்லாத பக்கமா வண்டிய நிறுத்துவா. அவகிட்ட போய் யோசனை கேக்குறியே" என்றார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். உண்மைதான், மறுப்பதற்கில்லை.

மார்ச் 8, சனி

என்னிடம் சொன்னாளே. அதுவே பெரிது.

மார்ச் 11, செவ்வாய்

தவறிவிட்டது. இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேலே காற்று மோசம். முதல் முறை கூடை விலகியது. இரண்டாம் முறை அவள் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. தலைக்கு மேலயாம்! ஏதோ பஸ்ல குடை பட்ட மாதிரி சொல்றா.

அதற்குள், பக்கத்து ஓடுதளம் வரை போக மட்டுமே எரிபொருள் மிச்சம். கூடவே இன்னொரு விமானத்தில் பறந்த தேர்வாளர் கேட்டாராம்: "இன்னொரு தடவை பாக்குறியா?"

"இல்ல சார், நான் திரும்புறேன்."

கடைசி வாய்ப்பு என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாள். நான் போனில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"பயந்துட்டியா?"

"பயம் மொதல்லேர்ந்தே இருந்துச்சும்மா. ஃபியூல்தான் இல்ல."

முன்பின் தெரியாத அந்த ஓடுதளத்தில் இறங்கியபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அங்கிருந்த சமையல்காரர் அடுப்பை மறுபடி பற்றவைத்து இவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாராம். பின்னாலேயே தேர்வாளரிடமிருந்து தகவல்: "இன்னைக்குக் காத்து சரியில்ல. இது கணக்குல வராது. நாளைக்கு வா."

இன்னொரு தடவை என்று ஆசை காட்டியது சோதிக்கவா, நிஜமாகவேவா? தெரியவில்லை. பெரிய பதவிக்காரர்களின் பெருந்தன்மையை நான் சாதாரணமாக நம்புவதில்லை. இன்று அவருக்கு நன்றி. முட்டை பொரித்தவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக. திரும்பத் தெரிந்தவளாக அவளை வளர்த்தது நானா, இவரா, அங்கே சொல்லிக்கொடுத்தவர்களா? யாராக இருந்தாலும் சரி.

மார்ச் 12, புதன்

காலையில் பரிசோதனைக் கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிக்கொண்டிருந்தோம். புதுப் பாலத்துக்கான கட்டிகள். எவ்வளவு பாரத்தில் நொறுங்குகின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மெஷின்காரர் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். என் கண் கட்டியில் இல்லை.

பதினொரு மணிக்குமேல் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். "புடிச்சிட்டேம்மா! மொத தடவையே! விரலை ஆட்டி ஆட்டி கால் வலிக்குது." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

உடனே இவரை அழைத்தேன். எடுத்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவராகவே, "சரி விடும்மா, போனா போகட்டும். சரக்கு பிளேன் ஓட்டட்டும், நமக்கும் நிம்மதி" என்று தேற்ற ஆரம்பித்தார்.

"இல்லங்க, புடிச்சிட்டா!" என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை. மெஷின்காரர் பாதி பாரத்திலேயே மெஷினை நிறுத்திவிட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தார்.